புதுப்பிப்பு: சாம்பியாவுக்குச் சைக்கிள் கொடுக்கப் போனோமே, அது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் கல்லூரிக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் சாம்பியாவில் சோமா பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கு 30 சைக்கிள் கொடுக்கப் போகிறது, பழையதைத் திரட்டிக் கப்பலில் அனுப்பலாமா என்று. அங்கேயே வாங்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தோம், நல்லதாகப் போயிற்று.

வாங்கியது பஃபலோ சைக்கிள். கியர் இல்லை, பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக், கேரியர் 100 கிலோ தாங்கும். இதை உருவாக்கிய வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப், சுனாமிக்குப் பின் 2005இல் இலங்கையில் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய அமைப்பு. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் இரண்டு வருடத்தில் சைக்கிள் அவர்களுக்கே சொந்தம்.

ஜெபம் முடிந்து சாவியைக் கொடுத்ததும் ஒரு சிறுமி இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெங்கே துணியை (அங்கே பெண்கள் கட்டும் வண்ணத் துணி) அவிழ்த்து, நாலாக மடித்துக் கேரியரில் கட்டினாள். தம்பி உட்கார! தினமும் இருவரும் 7 கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள். "ட்வாலும்பா" என்றாள், அந்தப் பக்கத்துத் தோங்கா மொழியில் நன்றி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்றை மறந்திருந்தோம். இரண்டாம் நாளே முள் குத்தி மூன்று டயர் பஞ்சர், எங்களிடம் பம்பு கூட இல்லை. ஊர் மெக்கானிக் அண்ணன்தான் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டார். மீதிப் பணத்தில் அவருக்குப் பம்பும் ஸ்பானர்களும் ஒரு கட்டு டியூபும் வாங்கிக் கொடுத்தோம்.

ஜெபித்த, பணம் அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. அடுத்த முறை டியூப்தான் முதலில்.