லிஃப்ட் பிடித்த பையனுக்கு லிஃப்ட்டை வைத்தே உணர்ச்சிப் பாடம்: சரியா?

ஏழாவதுமாடி:
என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். மூன்று வயதிலிருந்து அவனுக்கு லிஃப்ட்தான் உலகம். கதவு நடுவில் பிரிகிறதா, ஒரு பக்கமாக நகர்கிறதா, எத்தனை கிலோ தாங்கும் என்று உள்ளே எழுதியிருக்கிறது, நின்ற பிறகு கதவு திறக்க எத்தனை நொடி ஆகிறது, எல்லாம் மனப்பாடம். மற்ற பிள்ளைகளிடம் பேசினாலும் அதே பேச்சுதான். இரண்டு நிமிடத்தில் அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். கோபம் வந்தால் சொல்லத் தெரியாது, சுவரில் தலையை இடித்துக்கொள்வான்.

அவனுடைய சிறப்பு ஆசிரியை ஒரு யோசனை சொல்கிறார். உணர்ச்சிகளை மாடிகளாக வரைவது: தரைத்தளம் அமைதி, மூன்றாம் மாடி எரிச்சல், ஏழாம் மாடி வெடிப்பு. அடுத்தவர் பேச இடம் விடுவதை 'உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகுதான் நாம் ஏற வேண்டும்' என்ற விதியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்கென்று இருக்கிற ஒரே இடத்துக்குள்ளும் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நுழைகிறோமோ என்று உறுத்துகிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
பதினோரு வருடமாகச் சிறப்புக் கல்வியில் இருக்கிறேன். தயங்காமல் செய்யுங்கள். 'இது சோகம், இது கோபம்' என்று முகப் படங்களை அட்டை அட்டையாகக் காட்டி நானும் களைத்தவள்தான். முகத்தைப் பார்ப்பதே சிரமமாக இருக்கும் பிள்ளைக்கு முகத்தை வைத்துத்தான் பாடம் எடுப்பேன் என்று அடம்பிடித்தால் எப்படி?

லெகோ என்ற பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்ந்து பொருத்தியே பிள்ளைகள் பழகக் கற்கும் லெகோ தெரபி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர், தன்னிடம் வந்த இரண்டு சிறுவர்கள் காத்திருக்கும் அறையில் லெகோவோடு தாங்களாகவே சேர்ந்துகொண்டதைக் கவனித்தார். 2004-இல் அந்த முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். குழுவில் ஒருவர் பொறியாளர்: வரைபடம் அவரிடம் மட்டும் இருக்கும், வாயால்தான் விளக்க வேண்டும். இன்னொருவர் துண்டுகளைத் தேடிக் கொடுப்பவர். மூன்றாமவர் கட்டுபவர். அப்புறம் வேலையை மாற்றிக்கொள்வார்கள். 'எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்' என்று கேட்காமல் அந்த வீடு எழும்பாது. நான் ஒரு வார்த்தை உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

இருவரின்அப்பா:
இருக்கிற பித்துக்குத் தீனி போட்டு வளர்ப்பானேன்? என் மூத்தவனுக்கு டைனோசர். நாங்களும் கணக்குக்கு டைனோசர், வாசிப்புக்கு டைனோசர், நல்ல பழக்கத்துக்கு டைனோசர் என்று ஓட்டினோம். கடைசியில் டைனோசர் படம் இல்லாத தாளை அவன் தொடுவதே இல்லை என்றாகிவிட்டது. உலகம் அவனுக்காக டைனோசர் வேடம் கட்டிக்கொண்டு வருமா? இப்போது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். முதல் மாதம் நரகம். இப்போது பரவாயில்லை.

கடிகாரக்காரன்:
'பித்து' என்று எழுதியவருக்கு: நான் ஆட்டிசத்தோடு வளர்ந்தவன், வயது 38. ஆட்டிச மனத்தின் கவனம் பல வாய்க்கால்களில் பிரியாமல் ஒன்றிரண்டில் ஆழமாக ஓடுகிறது என்று டைனா மரேயும் கூட்டாளிகளும் 2005-இல் எழுதினார்கள். மோனோட்ரோபிசம் என்று அதற்குப் பெயர். வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் நல்ல பிள்ளையாக நாலு பக்கமும் பிரிந்து பாயும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் 'முதல் மாத நரகம்' யாருக்கு நரகம் என்று அவனிடம் கேட்டீர்களா?

ஆனால் கரும்பலகை, நான் உங்கள் பக்கமும் இல்லை.

ஒன்பது வயதில் எனக்கு ஊசல் கடிகாரங்கள். ஊசலை நான்கு மடங்கு நீளமாக்கினால் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று நூலில் கல்லைக் கட்டி நானே கண்டுபிடித்தேன். வகுப்புக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே ஒரு கடிகாரப் படத்தை நீட்டி, 'சரி, இந்தக் கடிகாரம் சந்தோஷமா, சோகமா?' என்று கேட்டார். முள் பத்துப் பத்தில் நின்றால் சிரிப்பாம், எட்டு இருபதில் நின்றால் அழுகையாம். அப்புறம் விதி வந்தது: கண்ணைப் பார்த்துப் பேசினால் பத்து நிமிடம் கடிகாரம், இல்லாவிட்டால் கடிகாரம் அலமாரிக்குள். ஒரே வருடத்தில் கடிகாரத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதை நிறுத்திவிட்டேன். 'நல்ல முன்னேற்றம்' என்று அறிக்கையில் எழுதினார்கள்.

சல்லடை:
இரண்டு பக்கமும் உணர்ச்சிவசப்படுவதால் கொஞ்சம் ஆதாரம்.

ஆர்வத்தைப் பரிசாக்குவதும் ஆர்வத்துக்குள்ளேயே கற்பதும் வேறு வேறு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 'வரைந்தால் பரிசு' என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. அவர்கள் ஆட்டிசக் குழந்தைகள் அல்ல, அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் கடிகாரக்காரன் சொல்வது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மறுபக்கம்: லெகோ தெரபியை பிரிட்டன் பள்ளிகளில் சுமார் 250 பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்தபோது கிடைத்த பலன் சிறியதுதான். இன்னொன்று, ரயில், பேருந்து மாதிரி வண்டிகளுக்கு உண்மையான மனித முகங்களைப் பொருத்தி 15 உணர்ச்சிகளுக்கு 15 கதைப் படங்கள் எடுத்தார்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நான்கிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் நான்கு வாரம் தினமும் பார்த்தபோது முக உணர்ச்சியை அடையாளம் காண்பது நன்றாகவே கூடியது. ஆனால் பின்னர் வேறு குழுவினர் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது அவ்வளவு பலன் தெரியவில்லை. வண்டியின் மூஞ்சியில் கோபத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, பக்கத்து இருக்கைக்காரனின் கோபத்தில் தடுமாறலாம். கற்றது அந்த வண்டியை விட்டு இறங்கி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கரும்பலகை:
கடிகாரக்காரன், அந்த எட்டு இருபது தைத்துவிட்டது. நானும் அதே மாதிரி அட்டை செய்திருக்கிறேன், கடிகாரத்துக்குப் பதில் நிலா. மறைக்கவில்லை.

ஆனால் ஒருவர் மோசமாகச் செய்தார் என்பதற்காக முழுவதையும் தூக்கிப் போட முடியாது. வரைபடம் என்றால் உயிரை விடும் ஒரு பிள்ளைக்காக அமெரிக்காவில் பள்ளி மைதானத்தில் நாட்டின் வரைபடத்தை வரைந்து அதன்மேல் ஓடிப்பிடித்து விளையாட வைத்தார்கள். பேக்கரும் கோகல் தம்பதியும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. மற்ற பிள்ளைகள் ஆர்வமாகச் சேர்ந்தார்கள். அதில் யார் யாருடைய உலகத்துக்குள் வந்தார்கள்? இதை எப்படி ஏமாற்று என்பீர்கள்? என் கண்முன்னே சுவரில் தலையை இடிக்கிற பிள்ளை இருக்கிறது. தத்துவம் முடியும்வரை அது காத்திருக்காது.

கடிகாரக்காரன்:
அந்த மைதான விளையாட்டை ஏமாற்று என்று சொல்லவே மாட்டேன். அங்கே வரைபடம் வரைபடமாகவே இருந்தது, அதை யாரும் சிரிக்கவோ அழவோ வைக்கவில்லை. என் கடிகாரத்துக்கு நடந்தது வேறு. அதற்குள் இருந்த விஷயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆசிரியையின் மாடிப் படத்திலும் லிஃப்ட் எங்கே இருக்கிறது? அது ஒரு ஏணிப் படம். மேலே லிஃப்ட் கதவு வரைந்திருக்கிறது.

இன்னொன்று. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பரிவு குறைவு என்பதே அரை உண்மை, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அவரும் ஆட்டிச நிலையில் இருப்பவர்தான். அந்தப் பையன் லிஃப்ட் பற்றிப் பேசும்போது இரண்டு நிமிடத்தில் நகரும் பிள்ளைகளுக்கு யார் வகுப்பு எடுக்கிறார்கள்?

இருவரின்அப்பா:
எல்லாம் சரி, நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் அவனுக்காக வகுப்புக்குப் போகப்போவதில்லை. பயத்தில் சொல்கிறேன், வெறுப்பில் இல்லை. (நேற்று அரை மணி முடிந்த பிறகு அவன் கேட்டான், 'அப்பா, நீ ஒரு நிமிடம் கேட்பாயா, நான் காட்ட வேண்டாம், சொல்ல மட்டும்?' என்று. இருபது நிமிடம் ஆனது. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.)

சல்லடை:
ஏழாவதுமாடி, பையனிடம் யாராவது கேட்டார்களா? இந்த இழையில் நாங்கள் எல்லோரும் அவன் லிஃப்ட்டை எடுத்து ஆளுக்கொரு மாடிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏழாவதுமாடி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டேன். மாடிப் படத்தைக் காட்டி, 'நீ இப்போது எந்த மாடி?' என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். 'லிஃப்ட்டுக்கு ஏழாம் மாடிக்குப் போனால் கோபம் வராது அம்மா. ஏழாம் மாடி போவது அதோட வேலை' என்றான். கடிகாரக்காரன் சொன்ன அதே குறை.

சரி, லிஃப்ட்டுக்கு எப்போதுதான் கஷ்டம் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 'ஓவர்லோடு. அப்போ பீப் அடிக்கும், கதவு மூடாது, நகராது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. யாராவது இறங்கணும்' என்றான்.

அவன் கத்தும்போதெல்லாம் 'என்ன வேண்டும், சொல், சொல்' என்று நான் அழுத்திய பொத்தான்கள் நினைவுக்கு வந்தன. போன செவ்வாய்க்கிழமை வீட்டில் விருந்தினர் நிறைய. காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து 'பீப்' என்றான். மூன்று பேரை மொட்டை மாடிக்கு அனுப்பினேன். தலையை இடிக்கவில்லை. மறுநாள் இடித்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இன்னும் ஒருமுறைகூட 'பீப்' சொல்லவில்லை.

கரும்பலகை:
இதை அவன் ஆசிரியையிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவன் 'பீப்' சொன்னால் அங்கேயும் யாராவது இறங்க வேண்டுமே. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்தால்தான் அது நடக்கும்.

கடிகாரக்காரன்:
சொல்லுங்கள், அவனிடம் கேட்டுவிட்டு. ஆனால் தயவுசெய்து யாரும் அதை அட்டையாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள்.

ஏழாவதுமாடி:
கேட்டேன். ஆசிரியைக்குச் சொல்லலாமாம். ஆனால் முதலில் அவர், லிஃப்ட் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவனே படம் வரைந்து தருகிறானாம்.