'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்': 'ஒப்புதலை' விட்டு 'தெளிந்த இசைவு' என்போமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிகிச்சைக்கோ ஆய்வுக்கோ உட்படுபவர் விவரம் புரிந்து உடன்படுவதை ஆங்கிலத்தில் 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். 'தகவலறிந்த ஒப்புதல்', 'அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல்', 'அறிந்த சம்மதம்', 'அறிந்திசைவு' என நான்கு சொற்கள் வந்தன. நான்கையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இப்போது என் மனம் 'தெளிந்த இசைவு' என்பதில் நிற்கிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மருத்துவ ஆய்வு, சட்டம், நகர வீடமைப்பு, நுகர்வோர் பழக்கம் என்று எந்தத் துறைக் கட்டுரையை எடுத்தாலும் இந்தக் 'கன்சென்ட்' வந்து நிற்கிறது. துறைக்கு ஒரு சொல் போட்டால், பல்கலைக்கழகத்தில் தமிழில் எழுத வருகிற பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

நான் இதைக் கேட்கத் தொடங்கியதே என் பெரியம்மாவால்தான். 74 வயது. நீரிழிவு. கண் சோதனைக்காக இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். சோதனை முடிந்ததும் ஆய்வு ஒன்றில் சேர முடியுமா என்று கேட்டார்கள். தமிழிலேயே தாள் இருந்தது, 14 பக்கம். மேலே கொட்டை எழுத்தில் 'ஒப்புதல் படிவம்'. பெரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்த இரண்டு சொல்லை மட்டும் படித்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் மற்றதெல்லாம் கலங்கித் தெரிந்தது. என்னைப் பார்த்து, "என்னத்தய்யா ஒப்புக்கணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார்.

எதிரே இருந்த பெண் நல்ல பிள்ளை. சிரித்த முகம். ஆனால் அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை எடுத்துப் பெரியம்மாவின் விரலிடுக்கில் வைத்துவிட்டாள். பெரியம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எடுக்குற ரத்தத்த எங்க வெப்பாங்க? எத்தன நாளைக்கு?"

அதற்குப் பதில் 9ஆம் பக்கத்தில் இருந்தது. மீதமாகும் ரத்தத்தை வருங்கால ஆய்வுகளுக்காகச் சேமித்து வைக்கலாம் என்று ஒரு வரி. அதை நான் வாசித்துக் காட்டியதும் பெரியம்மா, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று எழுந்துவிட்டார். மூன்றாம் நாள் காலை எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "ரத்தம் குடுக்குறேன். வேலை முடிஞ்சதும் கொட்டிடணும்னு எழுதச் சொல்லு." படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. முதல் நாள் அதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

அந்த மூன்று நாளில் பெரியம்மா செய்தாரே, அதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

'ஒப்புதல்' அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பதைப் பெரியம்மாவே சொல்லிவிட்டார். காவல் நிலையத்தில் கொடுப்பது ஒப்புதல் வாக்குமூலம். தமிழ்நாட்டு அஞ்சலகத்தில் பதிவுத் தபாலோடு அனுப்பி, பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது ஒப்புதல் அட்டை. மசோதாவுக்கு ஆளுநர் தருவது ஒப்புதல். குற்றத்தை ஏற்பது, பெற்றுக்கொண்டதைச் சொல்வது, மேலே இருப்பவர் அனுமதிப்பது ஆகிய மூன்று வேலையை அந்தச் சொல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பெரியம்மாவின் படிவத்திலேயே 2ஆம் பக்கத்தில் 'இந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துள்ளது' என்று இருந்தது, 14ஆம் பக்கத்தில் 'உங்கள் ஒப்புதல்' என்று இருந்தது. குழுதான் ஒப்புதல் கொடுத்தாயிற்றே, இனி நான் எதற்கு என்று ஒருவர் நினைத்தால் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் 'அப்ரூவல்', 'கன்சென்ட்' என்று இரண்டு சொல் இருக்க, நாம் ஒன்றிலேயே இரண்டையும் திணித்திருக்கிறோம். 'ஒப்புதலை' நெறிமுறைக் குழுவுக்கே விட்டுவிடுவோம்.

'அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல்' என்று எழுதிய கோவை நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கூட்டம் அதிகமாக இருப்பதால் வேறு வழியைப் பயன்படுத்துமாறு பயணிகள் அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். அறிவுறுத்துவது என்றால் இப்படிச் செய் என்று சொல்வது. அந்தக் கணக்கில் 'அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல்' என்றால் 'கையெழுத்துப் போடு என்று சொல்லிப் போடவைத்த கையெழுத்து' என்றாகிறது. சொல்லவந்த கருத்துக்கு நேர் எதிர்.

'தகவலறிந்த' என்பதில் அந்தப் பிழை இல்லை. ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. தகவல் என்பது அந்த 14 பக்கம். அதைக் கையில் கொடுத்ததோடு கடமை முடிந்ததா என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக நீதிமன்றங்கள் கேட்கிற கேள்வி. மனிதர்மீது நடத்தும் ஆய்வுகளுக்காக 1947இல் எழுதப்பட்ட நியூரம்பர்க் நெறியின் முதல் விதியே, ஆய்வுக்கு உட்படுபவருக்குப் போதிய அறிவும் புரிதலும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்' என்ற தொடரே 1957இல் வந்த கலிபோர்னியா நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகுதான் சட்டத்தில் பரவியது. அதாவது ஆங்கிலத்திலும் இது யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த சொல்தான், அப்புறம் நமக்கென்ன தயக்கம்?

2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஸ்காட்லாந்துத் தாய் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு நீரிழிவு. பேறுகாலத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 விழுக்காடு இருந்தது, மருத்துவர் அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு மருத்துவருக்கு எது முக்கியம் என்று பார்க்காதே, அந்த நோயாளிக்கு எது முக்கியம் என்று பார் என்றது நீதிமன்றம். நுட்பமான தகவல்களை நோயாளி தலையில் கொட்டுவதால் மருத்துவரின் கடமை நிறைவேறிவிடாது என்றும் சொன்னது. அந்த ஒரு வாக்கியம் போதும், 'தகவல்' நம் சொல்லில் முன்னால் நிற்கக் கூடாது என்பதற்கு.

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் இதே பாதையில் சில மாற்றங்களோடு நடந்தது. அப்புறம் மருத்துவர்களுக்குக் கவலை வந்தது. மணிக்கட்டில் போட்ட ஊசியின் பின்விளைவுகளை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவருக்கு 1,00,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2019இல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தானாலும் பயம் போகவில்லை. இருக்கிற எல்லா ஆபத்தையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் எங்கே வளருகிறதோ, அங்கே படிவம் நீளும், பேச்சு குறையும். பிறகு குடிமைச் சட்டத்தில் 37ஆம் பிரிவைச் சேர்த்து, 2022 ஜூலை 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். சக மருத்துவர்களின் கருத்துக்கு மறுபடி இடம் கிடைத்தது. ஆனால் நோயாளி முடிவெடுக்கத் தேவையானது அவருக்குச் சொல்லப்பட்டதா என்ற கேள்வியை அந்தப் பிரிவும் கைவிடவில்லை.

இனி 'சம்மதம்'. யாழ்ப்பாணத்து ஐயா எழுதியது:

> சம்மதம் எல்லாருக்கும் விளங்கும் சொல். அதை விட்டுவிட்டு ஏன் அகராதியைத் தேட வேண்டும்?

விளங்கும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் தமிழில் சம்மதம் என்றதும் கூடவே 'மௌனம் சம்மதம்' என்பதும் வந்துவிடுகிறது. பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் தலைகுனிந்து நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட மரபு நம்முடையது. ஆய்வு நெறியில் மௌனம் ஒருநாளும் கன்சென்ட் ஆகாது. ஆகவே அந்தச் சொல்லை அது நன்றாகப் பொருந்துகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது. விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகத்தோடு தொடங்கி, 2004இல் எந்தக் காரணத்தால் இறந்தாலும் என்றாகி, கல்லீரல், இதயம், விழிவெண்படலம் வரை விரிந்தது. 2008இல் முஸ்லிம்களும் அதற்குள் வந்தார்கள். வேண்டாம் என்று பதிவு செய்யாத, 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கொடுக்க உடன்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இது சுத்தமான மௌன சம்மதம். 'ப்ரிஸ்யூம்ட் கன்சென்ட்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. பழமொழியே கலைச்சொல்லாகக் கிடைக்கும்போது விடுவானேன்?

'இசைவு' மட்டும் ஏன் ஒத்துப்போகிறது? இசைவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் மனம் பொருந்த வேண்டும். மேலிருந்து கீழ் இல்லை, குற்றவாளிக் கூண்டும் இல்லை. பழைய சொல்லும்கூட. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'இசைவு தீட்டு' என்று ஓர் ஆவணமே வருகிறது, உடன்பட்டு எழுதிக் கொடுத்த பத்திரம் என்று பொருள். 'கன்சென்ட் ஃபார்ம்' என்பதை 'இசைவுத் தீட்டு' என்று நான் எழுதத் தயார். ஆனால் பெரியம்மா 'தீட்டா!' என்று கையை இழுத்துக்கொள்வார். 'இசைவுப் படிவம்' போதும்.

முன்னால் நிற்கும் 'தெளிந்த' என்பதைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஒருவரை ஆராய்ந்து பார்த்து, அதற்குப் பிறகு நம்புவது. அங்கே தெளிவு என்பது நம்பிக்கையையும் குறிக்கிறது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பியபின் ஐயப்படுவதும் துன்பம் என்று அந்த அதிகாரம் முடிகிறது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் வேண்டியது இதுவேதான். தெரிதல், தெளிதல் இரண்டும் அந்தத் தலைப்பிலேயே இருக்கின்றன.

ஊரில் எங்கள் பாட்டி வீட்டில் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். மண்டி மெல்ல அடியில் இறங்கும். அதுவரை யாரும் பானையைத் தொடக் கூடாது. கலித்தொகையிலும் இந்த உவமை இருக்கிறது. தெளிவதற்கு நேரம் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'தகவலறிந்த' என்பதில் அது இல்லை. 14 பக்கத்தை வேகமாகப் படிக்கத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் தகவலறிந்தவராகிவிடுவார்.

வடிவம் பற்றி ஒரு வார்த்தை. 'அறிந்திசைவு' போலத் 'தெளிந்திசைவு' என்று ஒட்டி எழுதினால் கச்சிதமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "தெளிந், திசைவு" என்று வாசித்து, "திசைவுன்னா என்ன சித்தப்பா?" என்றாள். சரி, ஒட்ட வேண்டாம். பெயராக வரும்போது 'தெளிந்த இசைவு', வினையாக வரும்போது 'தெளிந்து இசைதல்'.

மருத்துவராக இருக்கும் மதுரைத் தோழி இப்படிக் கேட்டிருந்தார்:

> நோயாளி தெளிந்தாரா என்று நான் எப்படிச் சான்று கொடுப்பது? தகவல் சொன்னேன் என்றுதானே எழுத முடியும்?

நியாயமான கேள்வி. இரவு வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் பதில்: நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "உங்களுக்கு என்ன செய்யப் போகிறோம், நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்கும் வழக்கம் மருத்துவத்தில் இருக்கிறதே. அவர் சொல்வதில் தெளிவு தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அங்கே கிடைத்தது கையெழுத்து மட்டும்தான். அதைத் தெளிந்த இசைவு என்று அழைக்கக் கூச வேண்டும், அந்தக் கூச்சத்தைத் தருகிற சொல்லே நல்ல சொல்.

மற்ற துறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாதி ரத்த அழுத்தக் கருவியோடு வந்ததும் நாம் கையை நீட்டுகிறோமே, 'இம்ப்ளைட் கன்சென்ட்', அதற்குக் 'குறிப்பு இசைவு'. மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015 சொல்லும் 'அப்ரோப்ரியேட் கன்சென்ட்' என்பதற்கு 'உரிய இசைவு'. கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்குவதற்கு 'இசைவு மீட்பு'.

கடைத்தொகுதிகளில் அதிர்ஷ்டக் குலுக்கல் பெட்டிமுன் நின்று அடையாள அட்டை எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டத் தேவை போன்ற காரணம் இல்லாமல் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக் கூடாது என்றானது. அன்றைக்கு நாம் எழுதிப் போட்டதையோ, இன்றைக்குச் செயலியில் படிக்காமலே தட்டுகிற கட்டத்தையோ இசைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ஏற்பு' என்று வைக்கலாம். நுகர்வோர் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு நிச்சயம் உதவும்.

வீட்டு விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் நடக்கத் தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காடு ஆதரவாக வாக்களிக்க வேண்டும். 10 ஆண்டுக்கு மேற்பட்ட தனியார் அடுக்குமாடியை ஒட்டுமொத்தமாக விற்க 80 விழுக்காடு. 1999 வரை எல்லோரும் உடன்பட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இதையும் 'மெஜாரிட்டி கன்சென்ட்' என்கிறார்கள். மீதி 20 விழுக்காட்டில் இருக்கும் ஒரு பாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, அவர் எதற்கு இசைந்தார்? இதைப் 'பெரும்பான்மை முடிவு' என்றே எழுதுவோம், இசைவு என்ற சொல்லை இங்கே தர வேண்டாம்.

எனக்கு விடை கிடைக்காதது இரண்டு. ஒன்று, மரபணு ஆய்வு. எஸ்ஜி100கே திட்டம் இங்கே 1,00,000 பேரின் மரபணுத் தொகுதியைத் திரட்ட முனைந்தது. ஒருவர் கொடுக்கும் ரத்தம் அவருடைய அண்ணன் தம்பியைப் பற்றியும் பேரன் பேத்தியைப் பற்றியும் பேசும். பெரியபுராணத்தில் மணப்பந்தலில் வந்து நிற்கும் முதியவர், பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலையை வைத்துப் பேரன் சுந்தரரை வழக்குக்கு இழுப்பார், என் வழிவருவோரும் கட்டுப்பட்டவர்கள் என்று அதில் எழுதியிருக்கும். அந்த மாதிரி, வராதவர்களுக்காகவும் ஒருவர் இசைவதற்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது, சிறுவர்கள். பெற்றோர் இசைந்த பிறகு பிள்ளையிடமும் கேட்கிறார்களே, 'அசென்ட்'. 'ஆமோதிப்பு' என்றால் சட்டமன்றம் போல இருக்கிறது. 'உடன்பாடு' பெரியவர்கள் செய்துகொள்வது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதும் ஒற்றைப் பக்கத் தாளின் தலைப்பில் இது வர வேண்டும். வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் கேட்டுப் பார்த்து எழுதுங்கள், வெள்ளிக்கிழமை வரை நான் தாளை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து