நீளமாக எதையும் படிக்க முடிவதில்லை, உங்களுக்கும் இப்படியா?

மெய்ப்பு மேசை:
பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது, என் தொழில். ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம், முன்பெல்லாம் கையில் எடுத்தால் முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன். இப்போது மூன்றாம் பக்கத்திலேயே கை போனைத் தேடுகிறது. மணி அடித்திருக்காது, யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சரி, எப்போதுதான் போகிறது என்று கவனித்துப் பார்த்தேன். எளிய பக்கங்களில் போவதே இல்லை. ஒரு வாக்கியம் நாலு வரி ஓடி, எழுவாய் எங்கே என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இந்த இடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும், சரியாக அந்த இடத்தில்தான் மனசு நழுவப் பார்க்கிறது. அதனால் மூளை மழுங்கிவிட்டது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. புரியாத ஒன்றோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமைதான் போய்க்கொண்டிருக்கிறது, என் தொழிலுக்கு அதுதான் முதல்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்பவர் திரையில் நம் கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பல வருடங்களாக அளந்து வருகிறார். 2004இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், 2012இல் 75 விநாடியாகி, பிறகு 47 விநாடி அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு உறைத்தது அவர் சொன்ன இன்னொன்று: அலுவலகத்தில் வேலை தடைபடுவதில் கிட்டத்தட்டப் பாதி வெளியிலிருந்து வருவதே இல்லை, நாமாகவே வேலையை விட்டு வேறொன்றுக்குத் தாவுகிறோம். (தங்கமீனைவிட நமக்குக் கவனம் குறைவு, 8 விநாடிதான் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு ஆதாரமே கிடையாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.)

குரூப் 2 மதுரை:
அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே எனக்கும் நடக்கிறது. ஆனால் போனை ஒதுக்கி வை என்று சொல்பவர்களுக்கு, குரூப் 2 அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் நிலைமை தெரிவதில்லை. டெலிகிராமில் பிடிஎஃப், யூடியூபில் வகுப்பு, நடப்பு நிகழ்வுகள், மாதிரித் தேர்வு என்று எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி, அதை மறுக்கவே முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காலமும் வேலையும் கணக்கில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டால் உடனே விளக்க வீடியோவைப் போட்டுவிடுவேன், பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், அதே கணக்கு வேறு எண்ணோடு வந்தால் முதல் வரியே ஓடாது.

2011இல் பெட்ஸி ஸ்பாரோ குழுவினர் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. தகவல் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவர்களுக்குத் தகவலைவிட அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதே நன்றாக நினைவில் நின்றது. அரசியலமைப்புத் திருத்தங்களில் எனக்கும் இதேதான், எந்த பிடிஎஃபில் எந்தப் பக்கம் என்று உடனே சொல்வேன், திருத்தம் என்ன என்று கேட்டால் தடுமாறுவேன்.

இப்போது ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். போன் தோழியின் பையில் இருக்கும், அவள் போன் என் பையில். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் வார்டு குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், போனைச் சத்தம் அணைத்து மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட அடுத்த அறையில் விட்டு வந்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில் அந்த அளவு வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை, எழுந்து போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்ற அந்தச் சின்னத் தொந்தரவே போதுமானதாக இருக்கிறது.

இரவுப் பணி:
நான் லாட்ஜ் ஒன்றில் இரவு வரவேற்பில் இருக்கிறேன். எங்கள் ஊரில் நூலகம் இல்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மட்டும் இல்லாவிட்டால் பழைய இலக்கியம் எதையும் நான் கண்ணால் பார்த்திருக்க மாட்டேன், அதனால் போனே கெடுதல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தரவிறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிட்டுப் படித்தால் அதே போனில் மணிக்கணக்கில் படிக்க முடிகிறது. டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் வேறெங்கோ போய் நிற்பேன், முதலில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடித்தான் போயிருப்பேன், அங்கிருந்து ஒரு வீடியோ, அப்புறம் இன்னொன்று. அதனால் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தெரியாத சொல்லை அதில் குறித்துக்கொண்டு மேலே படித்துவிட்டு, விடிந்தபின் மொத்தமாகத் தேடுவேன். அதற்குள் பல சொற்களுக்குப் பொருள் பாட்டிலிருந்தே பிடிபட்டிருக்கும், அவற்றை அடித்துவிட்டு மீதியை மட்டும் பார்த்தால் போதும்.