பழைய டப்பாக்களின் பந்தயம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சென்னையிலிருந்து:

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் பழைய கணினிகளுக்குத் திடீர் மவுசு. பரணில் கிடக்கும் பென்டியம் 4, அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கோர் 2 டுவோ, திரை உடைந்த மடிக்கணினி எல்லாம் கீழே இறங்கும். காரணம், பாயிங்க் பென்டத்லான். செட்டி.ஜெர்மனி என்ற ஜெர்மன் குழு 2010 முதல் ஆண்டுதோறும் நடத்தும் போட்டி இது. பாயிங்க் என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆய்வுக்கூடங்களுக்கு இரவல் கொடுப்பது நம் எல்லோருக்கும் பழகிய விஷயம்தான். அதில் எந்தக் குழு அதிகப் புள்ளி எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். மாரத்தான், ஈட்டி எறிதல் என்று ஐந்து பிரிவு. மாரத்தான் 14 நாள் ஓடும். எந்தப் பிரிவுக்கு எந்த ஆய்வுத் திட்டம் என்பதைச் சில நாட்களுக்கு முன்புதான் அறிவிப்பார்கள். அதுவரை ஆளுக்கொரு ஜோசியம்.

அந்தப் பெரிய பட்டியலில் நம்மைத் தேடாதீர்கள், கிடைக்க மாட்டோம். சர்வர்களையே வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்களோடு நாம் என்ன மோதுவது? அதனால்தான் நமக்குள்ளேயே ஒரு குட்டிப் பந்தயம். திட்டமும் நாட்களும் அவர்களுடையவை, விதி நம்முடையது. பத்து வயதுக்குக் குறைந்த கணினி கூடாது. கிராபிக்ஸ் கார்டு கூடாது. இதற்கென்று காசு கொடுத்து வாங்கியதும் கூடாது. நாம் ஒரு பக்கம், நம் கூட்டத்தின் கனடாக்காரர்கள் மறுபக்கம். தோற்ற அணி ஜெயித்த அணிக்கு ஒரு பழைய டிடிஆர்2 ரேம் அனுப்ப வேண்டும். ரேமின் விலையை விடத் தபால் செலவு அதிகம், அதுதான் அபராதம்.

பந்தயத்தில் பாதி வேலை ஓட்டத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. சிபியுவின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பொடிப்பொடியாக உதிரும். அதைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். அப்புறம் டார்ச் அடித்து சிபியு பக்கத்துக் கெபாசிட்டர்களைப் பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகளுக்கு இது ஒரு தீராத வியாதி: தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரி மாதிரி உப்பியிருக்கும். அப்படிப்பட்ட போர்டு சும்மா இருக்கும்போது நல்லபிள்ளையாகத்தான் ஓடும். முழுச் சுமை ஏற்றினால் சில மணி நேரத்தில் ரீஸ்டார்ட். ரிச்சி தெருவில் கெபாசிட்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. சூடுபட்டுக் கருகாமல் அதை மாற்றத் தெரிந்த கைதான் அரிது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது, வேற்றுகிரகவாசிகளின் சிக்னலைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டத்தில். 1999 மே 17-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கினார்கள். போர்ட்டோ ரிக்கோவின் அரிசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த வானொலி இரைச்சலை 107 விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். ஒரு துண்டு 350 கேபி போல. டயல்-அப்பில் அது இறங்கும் வரை வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது. அந்த வண்ண வரைபட ஸ்கிரீன்சேவரைக் காட்டித்தான் நண்பர்களைச் சேர்த்தேன். பந்தயம் என்று வந்ததும் ஒருவன் கண்டுபிடித்தான், படம் வரைவதிலேயே கணிசமான நேரம் போகிறது, திரையைக் கறுப்பாக விட்டால் துண்டு சீக்கிரம் முடிகிறது என்று. அன்றோடு எல்லார் வீட்டுத் திரையும் கறுப்பு.

கனடாக்காரர்களின் பதுக்கல் கதையையும் சொல்லியே ஆக வேண்டும். முடித்த வேலைகளை அனுப்பாமல் நெட்வொர்க்கைத் துண்டித்து வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தமாகக் கொட்டுவதற்கு பங்கர் என்று பெயர். எதிரணி நம்மைத் தூங்குகிறோம் என்று நினைக்கும். தந்திரம் நல்லதுதான். ஆனால் அனுப்பியதும் புள்ளி வந்துவிடாதே! அதே வேலை இன்னொருவர் கணினிக்கும் போயிருக்கும், இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் புள்ளி. அந்த முகம் தெரியாத விங்மேன் அன்றைக்குப் பார்த்துக் கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தால்? ஒரு வருடம் கனடாவின் பாதிச் சரக்கு 'நிலுவையில்' என்று நின்றுவிட்டது. பந்தயம் முடிந்த மறுநாள் புள்ளிகள் சாவகாசமாக வந்து சேர்ந்தன. ரேம் எங்களுக்கு வந்தது.

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து:

அண்ணை, அந்தக் கதையை வருசா வருசம் சொல்லாவிட்டால் உங்களுக்குச் சாப்பாடு செமிக்காது போல. அதற்கு முந்தின வருசம் அதே பங்கரால் நாங்கள் வென்றதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

என்னுடைய நாலு கணனியும் பேஸ்மென்டில் இருக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே ஹீட்டர் போடத் தேவையில்லை என்று மனிசிக்குச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். அவ கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் வீடு காஸில் சூடாகிறது, காஸை விட ஹைட்ரோ, அதாவது கரண்ட், விலை கூட, பிறகு எப்படி லாபம் என்று கேட்டா. பதில் இல்லை. இப்போது இரவு ஏழு மணிக்குப் பிறகும் சனி ஞாயிறும்தான் ஓட்டுகிறேன். அந்த நேரம் கட்டணம் குறைவு, பாயிங்கிலேயே நேர அட்டவணை போடலாம். சென்னைக்காரருக்கு 24 மணி நேர ஓட்டம், எங்களுக்குப் பகுதி நேர வேலை. அப்படியிருந்தும் நெருங்கி வருகிறோம் என்றால் காரணம் குளிர்தான். அங்கே மே மாத வெயிலில் பென்டியம் 4 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒன்று மனதில் நிற்கிறது. 2020 மார்ச் 31-உடன் செட்டி புது வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே வருசம் டிசம்பர் 1-இல் அரிசிபோ தொலைநோக்கியே இடிந்து விழுந்தது. இருபது வருசமாக அதன் இரைச்சலைத்தான் நாங்கள் சல்லடை போட்டோம். அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவரும் பகிடி விடவில்லை.

கோவையிலிருந்து:

நான் 2012-இல் சேர்ந்தவன். அந்த வருடம் கோவை மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. மணிக்கு ஒருமுறை கரண்ட் போகும். நம் ஆட்டத்தில் அதற்கு மருந்து செக்பாயிண்ட், அதாவது செய்த கணக்கை அவ்வப்போது டிஸ்கில் எழுதி வைப்பது. அதை எல்லாத் திட்டமும் ஒரே மாதிரி செய்வதில்லை. சிலது விட்ட இடத்திலிருந்து தொடங்கும், சிலது முதலிலிருந்து ஆரம்பிக்கும். 80 சதவீதத்தில் கரண்ட் போய், வந்ததும் பூஜ்யத்தில் நின்ற திரையைப் பார்த்து எங்கள் அப்பாவே "அடப்பாவமே" என்றார். அவருக்கு அது என்ன வேலை என்றே தெரியாது.

அந்தப் பந்தயத்தில் என் பக்கம் அதிகப் புள்ளி எடுத்தது வேகமான டெஸ்க்டாப் இல்லை, கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யாத பழைய மடிக்கணினி. பேட்டரியில் முக்கால் மணி நேரம் தாங்கும், மின்வெட்டு முக்கால்வாசி அதற்குள் முடிந்துவிடும். பேட்டரி உள்ள மடிக்கணினி இப்போதைய விதிக்குள் வருமா?

சிங்கப்பூரிலிருந்து:

புள்ளிப் பந்தயம் எனக்கு அலுத்துவிட்டது. எவரிடம் அதிக இரும்பு இருக்கிறதோ அவர் ஜெயிப்பார். பிப்ரவரியில், பகா எண் தேடும் பிரைம்கிரிட் திட்டம் நடத்தும் டூர் டி பிரைம்ஸ் எனக்கு அதைவிடப் பிடித்தது. நம் குட்டிப் பந்தயத்தையும் அதற்கு மாற்றினால் என்ன? மஞ்சள் ஜெர்சி, பச்சை ஜெர்சி என்று சைக்கிள் பந்தயப் பாணியில் பட்டங்கள். அங்கே எத்தனை வேலை முடித்தீர்கள் என்பது கணக்கில்லை, பகா எண் ஒன்றாவது கிடைத்ததா என்பதுதான் கேள்வி. ஆயிரம் எண்ணைச் சோதித்தவனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம், ஓட்டை டப்பாவுக்கு முதல் நாளே அடிக்கலாம்.

என் டப்பாவுக்கும் அடித்தது. லட்சக்கணக்கான இலக்கம் கொண்ட ஒரு பகா எண். குதித்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தால், என் பெயருக்கு எதிரே 'மறுசோதனையாளர்' என்று இருக்கிறது. அப்போதெல்லாம் ஒரே எண்ணை இரண்டு கணினிக்குக் கொடுப்பார்கள். முதலில் விடை அனுப்பியவர் கண்டுபிடிப்பாளர், பின்னால் வருபவர் சரிபார்த்தவர். செக் நாட்டுக்காரர் ஒருவர் என்னைச் சில மணி நேரத்தில் முந்தியிருந்தார். என் கோர் 2 டுவோ வருவதற்குள் அவர் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். 'உங்கள் கணினி மெதுவானது' என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

சென்னையிலிருந்து:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஸ்கார்பரோ அண்ணியின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது, நானும் அந்தக் கட்சிதான். பழைய டெஸ்க்டாப் ஒன்று முழுச் சுமையில் சுமார் 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 2.4 யூனிட். 14 நாள் மாரத்தானுக்கு 33 யூனிட் சொச்சம், அது பரவாயில்லை. வருடம் முழுக்க விட்டால் இரண்டு மாத பில்லில் 144 யூனிட் ஒரே டப்பாவுக்கு. இரண்டு டப்பா இருந்தால் வீட்டின் மற்றச் செலவோடு சேர்ந்து நம் ஊரில் 500 யூனிட் கோட்டைத் தாண்டிவிடுவோம், அதற்கு மேல் கட்டணம் எகிறும். இத்தனை மின்சாரத்துக்கு அது செய்யும் வேலையை இன்றைய சாதாரணச் சிப் ஒன்று பல மடங்கு சிக்கனமாகச் செய்துவிடும். அறிவியலுக்கு உண்மையிலேயே உதவ நினைப்பவர், வீட்டில் எப்படியும் ஓடும் புதிய கணினியில் பாயிங்கைப் போடட்டும். பழசு பந்தய நாளில் மட்டும் ஓடட்டும். திருவிழாவுக்குத் தேர் இழுக்கிறோம், தினமும் அதில் கடைக்குப் போகிறோமா என்ன?

"அப்படியானால் வீட்டுக் கணினிகளால் என்ன பயன்" என்று இங்கே புதிதாக வந்தவர்கள் கேட்கலாம். 2010-இல் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில் ஒரு புதுப் பல்சார் கிடைத்தது. விநாடிக்கு 41 முறை சுற்றும் நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தூரம். அரிசிபோ தரவில் அதைப் பிடித்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினியும். அங்கேயும் இரண்டு கணினி, சிங்கப்பூர் நண்பரே, ஆனால் பெருமை இருவருக்கும் போனது.

பிப்ரவரி யோசனைக்கு நான் சம்மதம். நமக்கு வெயில் தொல்லை இல்லை, கனடாவுக்குப் பேஸ்மென்ட் சூடாகும். புள்ளிக்குப் பதில் பகா எண், கடைசி நேரப் பதுக்கலிலும் அவ்வளவு லாபம் இருக்காது. ஜனவரி முடிவதற்குள் அவரவர் டப்பாக்களின் பட்டியலைப் போட்டுவிடுங்கள். சிபியு பெயரோடு எழுதுங்கள், வயதைச் சரிபார்க்க வேண்டும். சில திட்டங்கள் 32 பிட் கணினிக்கு வேலையே தருவதில்லை என்பதால், மிகப் பழசு வைத்திருப்பவர்கள் ஒரு வேலையாவது இறங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவைத் தம்பிக்கு: பேட்டரி மடிக்கணினி தாராளமாக வரலாம். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றி மின்கழிவில் கொடுத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள். லித்தியத்தோடு விளையாட வேண்டாம்.