மறு: ஃபார்ம்ல டெஸ்ட் டேட்டா நிரப்புற பட்டனுக்கு என்ன பேரு? (தன்னிரப்பு வேணாங்க)

எல்லாருக்கும் வணக்கம்,

நாலு நாளா இந்த இழையை வாசிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், வாயத் திறக்கல. நேத்து "தன்னிரப்புன்னே வச்சு முடிச்சுடலாம்"னு ஒரு மடல் வந்துச்சு பாருங்க, ஆட்டோஃபில்லுக்குப் புழங்கற சொல் அது, இதுக்கு மேல சும்மா இருந்தா நம்ம கலைச்சொல் அகராதில ஏறி உக்காந்துடும், அப்புறம் இறக்கவே முடியாதுன்னு எழுத வந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாம எதுக்குப் பேரு தேடுறோம்னு புதுசா சேந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். செயலி எழுதுறவங்க ஒரு பதிவுப் படிவம் செய்யறாங்க, அதுல பேரு, மின்னஞ்சல், ஃபோன் நம்பர், பிறந்த தேதி, முகவரின்னு பத்துப் பன்னெண்டு கட்டம், கடைசில "சமர்ப்பி"ன்னு ஒரு பட்டன். அந்த பட்டன்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணா கூட அது வேலை செய்யுதான்னு பாக்க மேல இருக்கிற அத்தனை கட்டத்தையும் மறுபடி கைல அடிக்கணும், ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிச்சா விரல் ரேகையே போயிடும். அதனால டீபக் பில்ட்ல (பிழை தேடறதுக்குன்னு தங்களுக்காக மட்டும் செஞ்சுக்கிற பதிப்புல) மட்டும் ஓரமா ஒரு குட்டி பட்டன் வச்சுக்குவாங்க, அதைத் தட்டினா எல்லாக் கட்டத்துலயும் ஏதோ ஒரு கற்பனைப் பேரு, கற்பனை முகவரி வந்து உக்காந்துக்கும். அந்தச் செயலுக்குத்தான் சொல் வேணும். ஆங்கிலத்துல பேசுறவங்க இதையும் பொத்தாம்பொதுவா ஆட்டோஃபில்னு சொல்லிடறாங்க, குழப்பமே அங்கதான் தொடங்குது. நாமளும் அதே குழியில போய் விழணுமா?

> ஆட்டோஃபில்லுக்குத் தன்னிரப்பு ஏற்கனவே புழக்கத்துல இருக்கே, இதுக்கும் அதையே போட்டா என்ன?

ரெண்டு காரணத்துக்காக வேணாங்க.

ஒண்ணு, பொருளே வேற. ஃபோன்ல இருக்கிற ஆட்டோஃபில்லை எடுத்துக்கோங்க, ஆண்ட்ராய்டுல 2017-ல 8.0 பதிப்போட அதுக்குன்னு தனிக் கட்டமைப்பே வந்துச்சு, ஐஓஎஸ் பக்கமும் அதே வருசம் 11-ல செயலிக்குள்ள பாஸ்வேர்டை எடுத்து நிரப்பற வசதி வந்துச்சு. அது நிரப்பறது பயனரோட சொந்தத் தகவல், அவரு முன்னாடியே சேமிச்சு வச்சது, அவரு சம்மதிச்சாத்தான் நிரம்பும். எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு செயலி எழுதினவர் குறிப்பு வச்சிருப்பார், அதைப் பாத்து ஃபோன் பொருத்தும். நம்ம பட்டன் நிரப்பறது யாரோட தகவலும் இல்ல. முதலாவது உண்மையா இருந்தாத்தான் உபயோகம், ரெண்டாவது யாருக்கும் சொந்தமில்லாம இருந்தாத்தான் உபயோகம். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா என்ன ஆகும்னு நானே பாத்தாச்சு. எங்க டீம்ல டெஸ்டர் ஒருத்தர் "ஆட்டோஃபில் வேலை செய்யல"ன்னு ஒரு வரில பக் (பிழைப் புகார்) போட்டாரு, நான் அரை நாளு பாஸ்வேர்ட் மேனேஜரை நோண்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா அவரு சொன்னது டீபக் பட்டனை. அவர் மேல தப்பே இல்ல, சொல்லு மேலதான்.

ரெண்டாவது, அந்தச் சொல்லையே கொஞ்சம் உத்துப் பாருங்க. தன் + நிரப்பு = தன்னிரப்பு, சரி. தன் + இரப்பு சேத்தா? அதுவும் தன்னிரப்புதான்! இரப்புன்னா பிச்சை எடுக்கறது. இதோட நிக்கல, நிரப்புங்கிற சொல்லுக்கே பழைய பொருள் வறுமை, குறள்ல நல்குரவு அதிகாரத்துல 1048, 1049 ரெண்டையும் எடுத்துப் பாருங்க, நிரப்புன்னு வர்றது தரித்திரம்தான். (இந்தப் பழைய பொருளை நான் பெருசா எடுத்துக்கலீங்க, இன்னைக்கு யாரும் அப்படிப் படிக்கப் போறதில்ல, பள்ளிக்கூடக் கணக்குல கூட்டினா 90 பாகை வர்ற கோணங்களுக்கு நிரப்புக் கோணங்கள்னு படிச்சுட்டுத்தானே வந்தோம்.) ஆனா இரப்பு விசயத்தை வெறும் கேலின்னு தள்ள முடியாது. அந்தப் படிப்பு வந்துடுமோன்னு பயந்து பாதிப்பேர் சந்தி சேக்காம தன்நிரப்புன்னு எழுதுறாங்க, மீதிப்பேர் தன்னிரப்புன்னு எழுதுறாங்க, ஆவணத்துல ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு கிடைக்க மாட்டேங்குது. ப்ரீஃபில்லுக்கு (முன்கூட்டியே நிரப்பி வைக்கறதுக்கு) முன்னிரப்புன்னு சொன்னவருக்கும் இதேதான் பதில், முன்னாடி வந்து இரக்கறாப்ல இருக்கு.

> போலித்தரவு நிரப்பி?

இதைச் சொன்னவர் இலக்கணப் போலியை வச்சு வாதாடினாரு, நலம்னு சொன்னாலும் நலன்னு சொன்னாலும் பொருள் மாறாம ஒரு எழுத்து இடத்துல இன்னொரு எழுத்து நிக்குது, அது மாதிரி உண்மைத் தரவு நிக்க வேண்டிய இடத்துல இது நிக்குதுன்னு. உண்மையாவே ரசிச்சேன். ஆனா தெருவுல போலின்னா போலி டாக்டர், போலிச் சான்றிதழ்தான். செயலியை வாடிக்கையாளருக்குக் காட்டிட்டு இருக்கும்போது திரைல "போலித்தரவு நிரப்பு"ன்னு ஒரு பட்டன் தெரிஞ்சா அவரு மொகம் எப்படிப் போகும்னு நினைச்சுப் பாருங்க, இலக்கணப் பாடம் எடுத்துட்டா இருக்க முடியும்.

அதை விட முக்கியமா, இந்தத் தரவு சும்மா வாய்க்கு வந்த பொய் இல்ல, யோசிச்சுச் செஞ்ச பொய். கார்டு நம்பர் கட்டத்துல எல்லாரும் போடற 4111 1111 1111 1111-ஐ எடுத்துக்கோங்க. ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு சரிபார்ப்பு முறைக்கு 1960-ல காப்புரிமை வாங்கினாரு, கார்டு நம்பரை எல்லாம் இன்னைக்கும் அந்த முறைலதான் சரி பாக்கறோம். வலது பக்கத்துல இருந்து ரெண்டாவது இலக்கத்துல தொடங்கி ஒண்ணு விட்டு ஒண்ணு ரெட்டிப்பாக்கி, ரெட்டிப்பாக்கினது ரெண்டு இலக்கமா வந்தா அந்த ரெண்டையும் கூட்டி ஒண்ணாக்கி, எல்லாத்தையும் சேத்துக் கூட்டினா பத்தால மீதியில்லாம வகுபடணும். மேல இருக்கிற நம்பருக்குக் கூட்டினா 30 வரும், பாஸ். அதுல ஒரே ஒரு 1-ஐ 2 ஆக்கிப் பாருங்க, ஃபெயில். அதாவது கணக்குப்படி சரியான நம்பர், செலவழிக்கத்தான் முடியாது. மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு, 1999-ல வந்த ஆர்எஃப்சி 2606-ங்கிற இணைய விதிமுறை ஆவணத்துல எக்ஸாம்பிள் டாட் காம், டாட் டெஸ்ட், டாட் இன்வேலிட்னு சிலதை இதுக்குன்னே ஒதுக்கி வச்சுட்டாங்க, அதையெல்லாம் யாரும் வாங்கிச் சொந்தமாக்கிக்க முடியாது. இது தெரியாம நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல வாய்க்கு வந்த முகவரி ஒண்ணை நிரப்பியில வச்சிருந்தோம், அப்படி ஒரு முகவரி நெசமாவே இருந்திருக்கு, பாவம் யாரோ ஒரு மனுசனுக்கு "உங்கள் கணக்கு தொடங்கப்பட்டது"ன்னு வாரக் கணக்கா மடல் போயிட்டே இருந்துச்சு. அவரு எங்களைத் திட்டி எழுதின பதில்லதான் எங்களுக்கே விசயம் தெரிஞ்சுது, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

அதே சமயம் வேணும்னே தப்பானதையும் நிரப்பணும்ல. பிப்ரவரி 30, வெறும் ஸ்பேஸ் மட்டும் இருக்கிற பேரு, ஒரே பேரு மட்டும் உள்ளவங்களுக்குக் காலியா நிக்கிற குடும்பப்பேர் கட்டம், இருநூறு எழுத்து முகவரி. தமிழ்ப் பேரையும் ஒண்ணு அதுல கட்டாயம் வைங்க. தமிழ்-னு எழுதினா நமக்கு மூணு எழுத்து, யூனிகோட் கணக்குல அஞ்சு குறி, அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல 15 பைட், இதுல எதை எண்ணி "அதிகபட்சம் 20"ன்னு கட்டத்துக்கு வரம்பு வச்சிருக்காங்களோ எழுதினவருக்கே வெளிச்சம். இத்தனையையும் போலின்னு ஒத்தைச் சொல்லுல அடக்கினா தப்பான தரவுக்கும் கற்பனைத் தரவுக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிடும்.

> வெள்ளோட்டத் தரவு, ஒத்திகை நிரப்பல்...

ரெண்டும் அழகான சொல், எனக்கு ஆசையாவே இருக்கு. ஆனா வெள்ளோட்டம்னா தேர் மொத்தத்தையும் இழுத்துப் பாக்கறது, செயலியை வெளியில விடறதுக்கு முன்னாடி நாலு பேர் கைல குடுத்துப் பாக்கறோமே, அதுக்குன்னு எடுத்து வச்சுக்கலாம். கட்டத்தை நிரப்பற குட்டி வேலைக்கு அதைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேணாம். ஒத்திகையும் ஒரு சந்தர்ப்பத்தோட பேரு, நாம தேடறது ஒரு வினைக்கு.

> சோதனைத் தரவுகளைக் கொண்டு படிவப் புலங்களைத் தானியக்கமாக நிரப்புதல்

இது விளக்கம், சொல் இல்லீங்க. ஐயா கோவிச்சுக்கக் கூடாது, ஆனா இது ஃபோன் அகலத்துக்கு நாலு வரி ஓடும், பட்டனுக்குள்ள "சோதனைத் தரவு..."னு மூணு புள்ளி போட்டு நிக்கும். அகராதில சொல்லுக்கு எதிர்ல பொருள் எழுதற பக்கத்துல அப்படியே வச்சுக்கலாம்.

சரி, எல்லாத்தையும் வேணாங்கறியே நீ என்ன சொல்ற, அதானே கேக்கறீங்க. என் பரிந்துரை *இட்டுநிரப்பு*. வினையா இட்டுநிரப்பு, பெயரா இட்டுநிரப்பல், கருவியா இட்டுநிரப்பி.

ஏன்னா, பள்ளிக்கூடத்துல "கோடிட்ட இடங்களை நிரப்புக" எழுதாதவங்க நம்மள்ல யாரும் இல்ல, அதனால நிரப்பறதுன்னா காலிக் கட்டம்னு மனசுல தானா வந்துடும். முன்னாடி வர்ற இட்டு என்ன பண்ணுதுன்னா இட்டுக்கட்டறதை ஞாபகப்படுத்துது. இல்லாததை இருக்கிற மாதிரி கோத்துச் சொல்றவனை "இட்டுக்கட்டிப் பேசறான்"னு சொல்றோம்ல, அந்த வாசனை இதுல இருக்கு, ஆனா போலி அளவுக்குக் குத்தம் சாட்டல. இன்னொண்ணு, தன்-னு வந்தா ஏதோ அதுவே நிரம்பிக்கற மாதிரி இருக்கு, நெசத்துல அப்படியா, யாரோ ஒருத்தர் உக்காந்து இந்தக் கட்டத்துல இதைப் போடுன்னு எழுதி வச்சதுதானே வருது, இட்டுன்னா இட்டவர் ஒருத்தர் இருக்கார்னு அதுலயே தெரியும். சந்தித் தொல்லையும் கிடையாது, இட்டு + நிரப்பு எங்கயும் திரியல, யாரு எழுதினாலும் ஒரே எழுத்துக்கூட்டல் (நடுவுல இடம் விடாம எழுதுங்க, அவ்ளோதான்), தேடினா மாட்டும்.

டெஸ்டுங்கிறது சொல்லுக்குள்ள எங்க இருக்குன்னு கேப்பீங்க. இல்லதான். தேடுபொறில இணையம் எங்க இருக்கு, இயங்குதளத்துல கணினி எங்க இருக்கு? புழங்கப் புழங்க ஒட்டிக்கும். தரவுக்கு மட்டும் தனியாச் சொல்லணும்னா சோதனைத் தரவு ஏற்கனவே நல்லா நிலைச்சிருக்கு, அதைத் தொடவே வேணாம்.

ஒரு உறுத்தல் எனக்கே இருக்கு, மறைக்கல. இரங்கல் செய்தியில "இட்டு நிரப்ப முடியாத வெற்றிடம்"னு எழுதி எழுதி அந்தத் தொடரைத் தேய்ச்சு வச்சிருக்கோம். எங்க டீம்ல இதைச் சொன்னதும் மொத ஆளா ஒருத்தர் "யாருங்க தவறிட்டாங்க"ன்னு கேட்டாரு. ரெண்டு வாரமா டீபக் மெனுவுல இந்தச் சொல்தான் இருக்கு, இப்போ அதே ஆளு "இட்டு போட்டியா"ன்னு சுருக்கிச் சொல்ற அளவுக்கு வந்துட்டாரு. பேச்சுல சுருங்குற சொல் பிழைச்சுக்கும்னு எனக்கொரு நம்பிக்கை.

கீபோர்ட்ல ஒவ்வொரு எழுத்தா அடிக்கற மாதிரி நடிக்கறதை இதுல சேக்கக் கூடாது, அது தட்டச்சல், வேற. ஆண்ட்ராய்டு சோதனைக்கு இருக்கிற எஸ்பிரெஸ்ஸோவுல டைப்டெக்ஸ்ட் (விசை விசையா அடிக்கறது), ரீப்ளேஸ்டெக்ஸ்ட் (மொத்தமா இடறது)னு ரெண்டையும் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க. தமிழ் எழுத்தை டைப்டெக்ஸ்ட்கிட்ட குடுத்தா விசை கிடைக்கலன்னு பிழை காட்டி நின்னுடும், ரீப்ளேஸ்டெக்ஸ்ட்ல குடுத்தாத்தான் போகும், கணினில இருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பற ஏடிபி வழியா எழுத்து அனுப்பினாலும் இதே கதைதான். ஆக நம்ம மொழில சோதிக்கணும்னா தட்டச்சல் அங்க உதவாது, இட்டுநிரப்பித்தான் ஆகணும்!

சின்னச் சின்னதா ரெண்டு. புலமா கட்டமான்னு ஒரு கிளைச்சண்டை ஓடிச்சு, அகராதிக்குப் புலம், திரைல கட்டம், என் ஓட்டு அப்படி. நிரப்பவும், நிரப்புகன்னு மரியாதை எல்லாம் பட்டன்ல வேணாம், அங்க ஏவப்படறது பயனர் இல்ல, மெசினு, அதுக்கு நிரப்பு போதும்.

இன்னொண்ணு எனக்கு மாட்டல, உதவி பண்ணுங்க. இட்டுநிரப்பின அத்தனையையும் ஒரே தட்டுல காலி பண்ற பட்டனுக்கு என்ன வைக்கலாம்? அழின்னு போட்டா கணக்கையே அழிச்சுடும்னு பயந்து யாரும் தொட மாட்டேங்கறாங்க. துடைன்னு போட்டுப் பாத்தேன், டெஸ்டர் "எதை, ஸ்கிரீனையா?"ன்னு கேக்கறாரு.