புதுப்பிப்பு: இளைஞர்களுக்கான சுற்றுச்சூழல் இதழ், தளம் – எதில் தொடங்கினோம்

கல்லூரி வயதினருக்குத் தமிழில் ஒரு சுற்றுச்சூழல் இதழ், கூடவே இணையதளம் தொடங்க நினைத்தோம். அச்சா தளமா எது முதலில், செய்திக்கு எங்கே போவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தளம்தான் முதலில். அச்சிதழுக்கு, 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, 'பிரஸ் சேவா' என்ற அரசுத் தளத்தில் பெயருக்கும் பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். பெயர் கிடைத்தால் காலாண்டிதழ்.

செய்திக்குக் கைகொடுத்தது, "கருத்துக்கேட்பு அறிவிப்புகளைப் பின்தொடருங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். கட்டுரை எழுத அந்த அவகாசம் போதும். ஆனால் அந்தத் தமிழ்ச் சுருக்கம் பல இடங்களில் வாயில் நுழையாது. அதைப் பேச்சுத் தமிழில் எழுதித் தருவதையே நிரந்தரப் பகுதியாக்கிவிட்டோம். முழு அறிக்கைகளுக்கு, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் 'பரிவேஷ்' தளம்.

எதிர்பாராதது: அதிகம் படிப்பவர்கள் சூழல் ஆர்வலர்கள் இல்லை, டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர்கள்! 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பற்றிய குறிப்புக்குத்தான் கேள்விகள் குவிந்தன. வினா-விடையாகப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை, அதற்குப் பதிலாகக் கட்டுரைக்குக் கீழே தேதிகளையும் சட்டப் பெயர்களையும் தனிப் பெட்டியில் தருகிறோம்.

காணொளி போடும் யோசனையை இன்னும் தொடவில்லை. படத்தொகுப்புக்கு ஆள் இல்லை.