மறுமொழி: ஆப்சோனைசேஷன் – 'இரைப்படுத்தல்' சரிவருமா?

ஐயா, குழும நண்பர்களே, வணக்கம். வெள்ளணு விழுங்குவதற்குத் தோதாகக் கிருமியைத் தயார்செய்யும் வேலைதான் ஆப்சோனைசேஷன் (opsonization). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த கருத்துக்கு இது என் மறுமொழி.

> 'எதிர்ப்பேற்றல்' போதுமே. சுருக்கமாக இருக்கிறது, கேட்டதும் புரிகிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் கேட்டதும் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. மண்டபம், பாம்பன் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர்களுக்காக நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி பற்றி ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதுகிறேன். 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என்று குழந்தைகளுக்குப் போடுகிறோமே, அதுதான். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) போய்க் கிருமியைக் கொன்றுவிடும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறார்கள். நியூமோகாக்கஸ் அப்படிச் சாகிற கிருமி அல்ல. அதன் செல்சுவர் தடிமனானது. இரத்தத்தில் இருக்கும் நிரப்புப் புரதங்கள் (complement) கூடித் துளை போட்டுக் கொல்லும் வழி அங்கே எடுபடாது. சுவருக்கும் வெளியே சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை வேறு. வெள்ளணுவுக்குப் பிடியே கிடைக்காது.

எதிர்ப்பொருள் ஒரு பக்கத்தால் அந்த உறையைப் பற்றிக்கொண்டு, தன் வால்பகுதியை வெள்ளணுவின் ஏற்பிக்கு நீட்டுகிறது. எதிர்ப்பொருள் தூண்டிவிடுவதால் சி3பி என்ற நிரப்புப் புரதமும் கிருமிமேல் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம்தான் வெள்ளணு விழுங்குகிறது, கொல்வதும் அதுவே. நமக்கு வேண்டிய சொல் இந்த நடு வேலைக்கு மட்டும். அதில் 'எதிர்ப்பு' வந்தால் வெள்ளணுவின் வேலை எதிர்ப்பொருள் கணக்கில் ஏறிவிடும்.

1903-இல் லண்டனில் ரைட், டக்ளஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நடு வேலையைச் செய்யும் பொருளுக்கு 'ஆப்சோனின்' என்று பெயர் வைத்தபோது, உணவைத் தயார்செய்து தருவது என்ற பொருளில்தான் வைத்தார்கள். அடியில் இருப்பது 'ஆப்சான்' என்ற கிரேக்கச் சொல்: ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. ஏதென்ஸில் அது பெரும்பாலும் மீனையே குறித்தது. நம் பக்கத்து வெஞ்சனமேதான்! 'வெஞ்சனமேற்றல்' என்று வைக்க எனக்குக் கை அரித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அடிக்குறிப்புப் போட வேண்டிவரும். வேர் வடமொழி என்று இங்கேயே சிலர் கிளம்புவீர்கள்.

அதனால் 'இரைப்படுத்து' என்ற வினையை முன்வைக்கிறேன். ஆப்சோனின் 'இரைப்படுத்தி' ஆகும். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்:

"நியூமோகாக்கஸின் உறையில் 100-க்கு மேல் வகைகள் உண்டு, ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பொருள் இன்னொரு வகையைப் பெரும்பாலும் இரைப்படுத்தாது."

"2 வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடல் தனிச் சர்க்கரை உறைக்கு நல்ல இரைப்படுத்திகளை உண்டாக்காது, ஆகவே அதைப் புரதத்தோடு பிணைத்துத் தடுப்பூசியாக்குகிறார்கள்."

இரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. 'எதிர்ப்பேற்றல்' போட்டு இரண்டாவதை வாசித்துப் பாருங்கள், தடுப்பூசியையே குறிப்பதுபோல ஆகிவிடும்.

தங்கச்சிமடத்து நண்பர் தனிமடலில் ஒரு மறுப்புச் சொன்னார். கடற்கரையில் இரை என்றால் தூண்டிலில் மாட்டுவது. அப்படியானால் கிருமியைக் காட்டி வெள்ளணுவைப் பிடிக்கிறோமா என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் பாம்புக்கு இரை, பருந்துக்கு இரை என்பதும் இதே ஊர்ப் பேச்சுதானே? 'வெள்ளணுவுக்கு இரைப்படுத்துதல்' என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டால் குழப்பம் வராது.

ஒரு எல்லையையும் போட்டுவிடலாம். மூக்கு, தொண்டைச் சளிப்படலத்தில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளின் முக்கிய வேலை கிருமியை ஒட்டவிடாமல் தடுப்பது. அந்த ஐஜிஏவை வெட்டிப்போடும் நொதியை நியூமோகாக்கஸ் கையிலேயே வைத்திருக்கிறது என்பது வேறு கதை. அந்தத் தடுப்பு வேலைக்கு 'இரைப்படுத்தல்' பொருந்தாது, தனிச்சொல் வேண்டும். 'ஒட்டுத்தடை' என்று நேற்று ஒரு அக்கா எழுதியிருந்தார், எனக்குப் பிடித்திருக்கிறது.

பயிற்சிக் குறிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். வெறும் 'நன்று' வேண்டாம். உங்கள் சொல்லை மேலே உள்ள இரண்டு வாக்கியங்களிலும் போட்டு அனுப்புங்கள்.